மேவரிக்: சூடு படாத கன்று

கட்சிக் கட்டளைக்கு அடங்காத அரசியல்வாதியை ஆங்கில நாளிதழ்கள் 'மேவரிக்' என்று எழுதும். பாதி மெச்சலும் பாதி எரிச்சலுமான சொல். அகராதியைப் பிரித்தால் 'சுயேச்சையாகச் செயல்படுபவர்' என்று சுருக்கமாக முடித்துவிடுவார்கள். ஆனால் இந்தச் சொல் முதலில் ஒரு வக்கீலின் குடும்பப் பெயராக இருந்தது, அப்புறம் மாட்டுக்குப் போனது, மாட்டிடமிருந்துதான் மறுபடி மனிதருக்கு வந்தது.

அந்த வக்கீல் சாமுவேல் மேவரிக், டெக்சாஸின் சான் அன்டோனியோ ஊர்க்காரர். 1836-இல் மெக்சிகோவிலிருந்து டெக்சாஸ் பிரிந்தபோது விடுதலைச் சாசனத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர். நிலம் வாங்கிச் சேர்ப்பதில்தான் அவருக்கு நாட்டம். 1840-களில் ஒருவர் 1,200 டாலர் கடனுக்கு ஈடாக 400 மாடுகளை அவர் தலையில் கட்டினார். மட்டகோர்டா என்ற கடலோரத் தீபகற்பத்தில் அவை மேய்ந்தன. அவர் அடிமையாக வைத்திருந்த ஒரு குடும்பம்தான் காவல். யார் மாடு என்று காட்டும் குறியாகக் கன்றுகளுக்குப் போடும் சூட்டை ஒழுங்காகப் போடவில்லை. அவை வளர்ந்து அக்கம்பக்கத்து மந்தைகளில் கலந்தன. 1856-இல் மந்தையை மொத்தமாக விற்றுக் கைகழுவினார். அதற்குள் குறியில்லாத மாட்டைக் கண்டாலே "அது மேவரிக்கோடது" என்று சொல்வது சுற்றுவட்டாரத்தில் பழகிவிட்டது. கன்று துடிப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் விட்டார் என்று ஒரு கதை உண்டு. குறியில்லாதது எல்லாம் தனக்கே என்று வளைத்துக்கொள்ளப் பார்த்தார் என்று இன்னொரு கதை. மனிதர்களை அடிமையாக வைத்திருந்தவரின் ஜீவகாருண்யத்தை நம்புவது கொஞ்சம் கஷ்டம். வெறும் அசட்டையே காரணமாக இருந்திருக்கும்.

ஒரு சூட்டுக்குறிக்கு ஏன் இத்தனை மதிப்பு? அங்கே வேலி கிடையாது. 1493-இல் கொலம்பஸின் இரண்டாம் பயணத்தில் கரீபியத் தீவுகளுக்கு வந்த ஸ்பானிய மாடுகள், 1521 வாக்கில் மெக்சிகோவுக்கும், பிற்பாடு கிறித்தவ மடங்களோடு டெக்சாஸுக்கும் போய்ச் சேர்ந்தன. ஆள் பார்வையில்லாமல் காட்டிலேயே பெருகி, இங்கிலாந்து மாடுகளோடும் கலந்து, கொம்பு நுனிக்கு நுனி 6 அடிக்கு மேல் போகும் நெடுங்கொம்பு மாடுகளாயின. இவற்றை வருடத்துக்கு ஓரிரு முறை ஒன்றாக வளைத்துப் பிடிப்பார்கள். எந்தப் பசுவின் பின்னால் கன்று ஓடுகிறதோ, அந்தப் பசுவின் மேல் உள்ள குறியையே கன்றின் மேலும் காய்ச்சிய இரும்பால் இழுப்பார்கள். தாய்தான் சாட்சி. அந்த முறை கண்ணில் படாமல் தப்பிப் பால்குடி மறந்த கன்றுக்குச் சாட்சி இல்லை. முதலில் எவன் இரும்பு படுகிறதோ அவன் மாடு அது.

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்து ஆட்கள் ஊர் திரும்பியபோது, காடு முழுக்கக் குறியில்லாத மாடுகள். டெக்சாஸில் 4 டாலர் விலைபோன மாடு வடக்கே 40 டாலர். சும்மா விடுவார்களா? 'மேவரிக் பிடிப்பது' ஒரு தொழிலே ஆனது. தாயைக் கொன்றுவிட்டுக் கன்றை மேவரிக் ஆக்கிய திருடர்களும் உண்டு. வயோமிங்கில் 1884-இல் போட்ட சட்டம், மேவரிக் எல்லாம் பெரிய பண்ணையாளர்களின் சங்கத்துக்கே என்றது. இதனால் சிறு விவசாயிகளுக்கு வந்த கசப்பு 1892-இல் துப்பாக்கிச் சண்டை வரை போனது. கட்சிக்கு அடங்காத மனிதரைக் குறிக்க இந்தச் சொல் வந்ததும் அதே 1880-களில்தான். இந்தக் குடும்பத்துக்குச் சொல் ராசி உண்டு போலும்: சாமுவேலின் பேரன் மோரி மேவரிக் 1944-இல், புரியாத அரசாங்க மொழியைக் கிண்டல் செய்ய 'காபுல்டிகூக்' என்று ஒரு சொல்லை உருவாக்கினார். வான்கோழி கத்துவது போல இருக்கிறதாம்.

சரி, தமிழில்? 'அடங்காப்பிடாரி' வசவு. 'தான்தோன்றி' என்றாலும் திட்டுவது போலத்தான் காதில் விழுகிறது. ஈழத் தமிழில் 'கட்டாக்காலி' என்றொரு நல்ல சொல் புழக்கத்தில் இருக்கிறது. காலி என்றால் ஆநிரை. ஆழ்வார் பாசுரங்களில் கண்ணன் மேய்ப்பதும் காலிதான். கட்டாமல் விட்ட மாடு கட்டாக்காலி. ஊர் சுற்றுகிற ஆளையும் அப்படிச் சொல்வதுண்டு. மாட்டிலிருந்து மனிதருக்குத் தாவிய வழி அப்படியே மேவரிக்கின் வழி. ஒரு வித்தியாசம்: கட்டாக்காலிக்கு உரிமையாளர் இருப்பார், கட்டிப்போடவில்லை என்பதுதான் புகார். நம் வழக்கில் மாட்டின் உரிமை கயிற்றில் இருக்கிறது, டெக்சாஸில் தோலில். ஆகவே மாட்டைப் பற்றிய இடத்தில் 'சூடு படாத மாடு' என்றே எழுதலாம். ஈழத்தில் 'குறிசுடுதல்' என்பதால் 'குறிசுடாத மாடு' என்றாலும் சரி. ஆளைப் பற்றி, அதுவும் மெச்சி எழுதும்போது எனக்குப் பிடித்தது 'தன்போக்கர்'. எரிச்சலும் சேர வேண்டுமென்றால் கட்டாக்காலியை அவிழ்த்துவிடலாம்.