நின்று கெட்ட வண்டி

காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய வீட்டுக் கொட்டகையில் 1986 மாடல் பிரீமியர் பத்மினி கார் நிற்கிறது என்று தகவல் வந்ததும், நண்பனும் நானும் மதுரையிலிருந்து மெக்கானிக் அண்ணனைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டோம். மீட்டரில் 19,412 கிலோமீட்டர். ஒரே ஓனர். வீட்டுப் பெரியவர் பெருமையாகச் சொன்னார்: "ஓட்டவே இல்ல தம்பி. ஆனா வாராவாரம் ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓடவிட்டு நிறுத்திடுவோம். 2009-ல பேட்டரி போச்சு, அதோட விட்டாச்சு."

அண்ணன் மீட்டர் பக்கமே போகவில்லை. பானெட்டைத் தூக்கி, இன்ஜின் ஆயில் ஊற்றும் மூடியைத் திருகிக் கழற்றி, அதன் உள்பக்கத்தை எங்களிடம் காட்டினார். பால் தூக்கலான காபி நிறத்தில் ஏதோ களிம்பு அப்பிக் காய்ந்திருந்தது. "இதுதாங்க அந்த அஞ்சு நிமிஷம்" என்றார்.

பெட்ரோல் என்பது கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்தது. எரியும்போது அந்த ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து தண்ணீராகிறது. எவ்வளவு? ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர். முதலில் கேட்டபோது நானும் நம்பவில்லை. காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் ஒப்புக்கொண்டேன். இன்ஜின் நன்றாகச் சூடாகியிருந்தால் இது ஆவியாகவே சைலன்சர் வழியாக வெளியே போய்விடும். ஐந்தே நிமிடத்தில் நிறுத்தினால், சூடாகாத சைலன்சரின் உள்ளேயே வேர்த்து நிற்கும். கொஞ்சம் பிஸ்டனைச் சுற்றி இருக்கும் ரிங்கைத் தாண்டி இறங்கி ஆயிலோடு கலக்கும். அந்தக் கலவைதான் களிம்பு. இருபது, முப்பது நிமிடம் ரோட்டில் ஓடினால்தான் ஆயில் சூடேறி அந்த ஈரம் கிளம்பும். பெரியவர் வாராவாரம் அக்கறையோடு செய்தது வண்டிக்குத் தண்ணீர் காட்டும் வேலை. சும்மா விட்டிருந்தால்கூட இதைவிடத் தேவலாம்.

சும்மா விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பெரிய உதாரணம் உண்டு. ஒக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில் 1957 ஜூன் 15 அன்று, நீதிமன்ற வளாகப் புல்தரைக்கு அடியில், கான்கிரீட் அறை கட்டி, ஒரு புத்தம் புது பிளிமத் பெல்வெடெர் காரை பிளாஸ்டிக் சுற்றிப் புதைத்தார்கள். ஐம்பது வருடம் கழித்து எடுப்பதாகத் திட்டம். அப்போது பெட்ரோலே இருக்காதோ என்னவோ என்று அதையும் கூட வைத்தார்கள். 2007-ல் டல்சாவின் மக்கள்தொகை எவ்வளவு இருக்கும் என்று சரியாக ஊகிப்பவருக்குக் கார் பரிசு. 384,743 என்று எழுதியவர் ஜெயித்தார். உண்மையான எண் 382,457. என்ன ஊகம்! ஆனால் அவர் 1979-லேயே இறந்துவிட்டார். 2007-ல் அறையைத் திறந்தால் உள்ளே தண்ணீர். கான்கிரீட் வழியாகக் கசிந்து இறங்கியிருக்கிறது. ரோட்டையே சரியாகப் பார்க்காத அந்த கார், சேறும் துருவுமாக வெளியே வந்தது. சீட் துணி மக்கிவிட்டது. இன்ஜினை ஸ்டார்ட் பண்ணவே முடியவில்லை.

அங்கே வெள்ளம். காரைக்குடியில் வெறும் காற்று. இரும்புக்கு அதுவே போதும். காற்றின் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டினால், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நீர்ப்படலம் இரும்பின் மேல் படியும். தூசியோ உப்போ இருந்தால் இன்னும் சீக்கிரம். அந்தப் படலம் ஒரு குட்டி பேட்டரி மாதிரி வேலை செய்கிறது: ஓரிடத்தில் இரும்பு எலக்ட்ரானை விடுகிறது, பக்கத்திலேயே ஆக்ஸிஜன் அதை வாங்கிக்கொள்கிறது. அலுமினியத்தில் உருவாகும் ஆக்ஸைடு இறுக்கமாக ஒட்டிக்கொண்டு உள்ளே இருப்பதைக் காக்கும். இரும்புத் துரு பொருபொருவென்று ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். போதாததற்கு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே இருப்பதே மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். அங்கே துரு உப்பினால் இன்ஜின் ஜாம்.

பத்மினிக்கு நாலு சிலிண்டர். இன்ஜின் எந்த நிலையில் நின்றாலும் ஏதாவது ஒரு சிலிண்டரின் வால்வு திறந்தே இருக்கும். அதற்குள் வருடக்கணக்கில் ஈரக் காற்று போய்வரும். அண்ணன் பிளக்குகளைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார். மூன்று பளபளப்பு, மூன்றாவது சிலிண்டரின் சுவரில் மட்டும் செம்மண் நிறத்தில் ஒரு வளையம். நண்பன் ஒரு பேட்டரியை எடுத்து வந்து செல்ஃப் அடித்துப் பார்க்கலாம் என்றான். அண்ணன் முறைத்தார். துருவோடு சுற்றினால் ரிங் உடையும், சுவரில் கீறல் விழும். நாலு ஓட்டையிலும் டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி மூன்று நாள் ஊறவிட்டோம். அப்புறம் சக்கரம் சுற்றினால் இன்ஜினும் சுற்றும்படி டாப் கியரில் போட்டு, வண்டியை ஒரு சாண் முன்னே, ஒரு சாண் பின்னே என்று கையால் தள்ளினோம். நாலாவது தள்ளலில் 'டக்' என்று ஜாம் விட்டது.

பெட்ரோல் டேங்கைத் திறந்தால் வார்னிஷ் வாடை. பழைய பெட்ரோல் ஆக்ஸிஜனோடு சேர்ந்து கோந்தாக மாறி கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் பொடி ஓட்டைகளான ஜெட்டுகளை அடைத்துவிடும். இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு இன்னொரு குணம்: ஈரத்தை உறிஞ்சும், அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீருமாகப் பிரிந்து டேங்கின் அடியில் போய் நிற்கும். சில மாதம் நிறுத்துவதென்றால் டேங்கை நிரப்பி வைக்கலாம். வருடக்கணக்கில் என்றால் சுத்தமாக வடித்துவிடுவதுதான் நல்லது.

என்னைப் பயமுறுத்தியது பிரேக்தான். மிதித்தால் பெடல் நின்றது, நன்றாகவே இருப்பதுபோல் தோன்றியது. டிரம்மைக் கழற்றி, சக்கரத்தில் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டரைப் பிரித்தால், உள்ளே பழுப்புக் கூழ். நாம் பிரேக் ஆயில் என்று சொல்வது உண்மையில் எண்ணெய் அல்ல, கிளைக்கால் வகைத் திரவம். காற்றிலிருந்து தண்ணீரை இழுக்கும் சுபாவம் அதற்கு. டாட் 3 ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி; நாலு சதவீதம்கூடத் தண்ணீர் ஏறாத நிலையிலேயே அந்த எல்லை 140-க்கு இறங்கிவிடுகிறது. கொடைக்கானல் இறக்கத்தில் அது கொதித்து ஆவியானால் பெடல் தரை வரை போகும். நாலு சக்கரத்துக்கும் சிலிண்டர், வாஷர், ஹோஸ் எல்லாம் புதிது போட்டோம். இதில் பேரம் பேசக் கூடாது.

சரி, 19,412 உண்மைதானா? பழைய மீட்டர்கள் பலவற்றில் ஐந்து இலக்கம்தான். 99,999-க்கு அப்புறம் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். பெடல் ரப்பரைப் பார்க்க வேண்டும், ஸ்டியரிங்கில் கை பிடிக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். இந்த வண்டியில் கிளட்ச் பெடலின் வரிகள்கூட தேயவில்லை, ஆக மீட்டர் பொய் சொல்லவில்லை. ஆர்.சி.யில் இருக்கும் இன்ஜின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் வண்டியோடு ஒப்பிட்ட பிறகுதான் அட்வான்ஸ் கொடுத்தோம். டயரில் பட்டன் முழுசாக இருந்தது, பக்கவாட்டில் மட்டும் முடி முடியாக வெடிப்பு. ஓரத்தில் 3106 என்ற எண்: 2006-ஆம் வருடம் 31-ஆவது வாரம் செய்தது. காற்றில் துளியளவு இருக்கும் ஓசோனே ரப்பரை இப்படி வெட்டும். ஓடிக்கொண்டே இருக்கும் டயரில் உள்ளிருந்து மெழுகு கசிந்து காப்பாற்றும். நிற்கும் டயருக்கு அந்தக் கொடுப்பினை குறைவு.

வண்டி இப்போது மதுரையில். பிளாஸ்டிக் கவர் கிடையாது, தரையீரம் உள்ளேயே தங்கிவிடும் என்பதால் பருத்தித் துணிதான். பிரேக் ஆயில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. பதினைந்து நாளுக்கு ஒரு ஞாயிறு காலையில் நண்பன் அழகர்கோவில் வரை போய்வருகிறான். நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், ஆயில் கொதிக்கக் கொதிக்கத் திரும்பும். டிக்கியில் ஸ்டெப்னி மட்டும் இன்னும் அந்த 3106 டயர்தான். அண்ணன் ஒவ்வொரு தடவையும் திட்டுகிறார். தூக்கிப்போட மனசு வரவில்லையாம்.