வீக்கம் வேறு, அழற்சி வேறு

போன மாதம் பெரியம்மா ஒரு துண்டறிக்கையோடு கட்டிலோரம் உட்கார்ந்திருந்தார். "இரத்தத்தில் வீக்கக் குறிப்பான்கள் அதிகமாக இருந்தால் இதயத்துக்குச் செல்லும் இரத்தம் குறையலாம்" என்று அதில் அச்சிட்டிருந்தது. சேலையைச் சற்று விலக்கிக் கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தார். குழி விழவில்லை. "எனக்குத்தான் வீக்கமே இல்லையேடா" என்று தாளை மடித்து மாத்திரை டப்பாவுக்கு அடியில் செருகிவிட்டார். பதினைந்து வருடமாகச் சர்க்கரை இருப்பவர், மாடிப்படி ஏறினால் நெஞ்சை இறுக்குகிறது என்று சொல்பவர். அவருக்காகவே எழுதப்பட்ட தாள், ஒரு தவறான சொல்லால் அவரைச் சேராமலே போயிற்று.

துண்டறிக்கை வீக்கம் என்றது ஆங்கிலத்தின் இன்ஃபிளமேஷனை, அதாவது காயத்துக்கோ தொற்றுக்கோ உடல் காட்டும் எதிர்வினையை. அந்தச் சொல்லுக்கு அடி, தீச்சுடரைக் குறிக்கும் 'ஃபிளாமா' என்ற லத்தீன் சொல். நமக்கு அழல். முயல் முயற்சி ஆவதுபோல, சுழல் சுழற்சி ஆவதுபோல, அழல் அழற்சி ஆகிறது. பழைய வைத்திய நூல்களில் வரும் தாபிதம் வடசொல்தான், ஆனால் அதன் அடியிலும் வெப்பம்தான் இருக்கிறது. மூன்று மொழியும் நெருப்பைத்தான் பார்த்திருக்கின்றன.

பிறகு இந்த வீக்கம் எங்கிருந்து வந்தது? கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியரான செல்சஸ் அழற்சியின் அடையாளங்களாக நான்கைச் சொன்னார்: சிவப்பு, வீக்கம், சூடு, வலி. நான்கில் ஒன்றை எடுத்து மொத்தத்துக்கும் பெயராக வைத்துவிட்டார்கள். இருமலுக்கும் காசநோய்க்கும் ஒரே பெயர் வைத்தால் ஒப்புவோமா? விரலில் நகச்சுற்று வந்தால் நான்கும் கண்ணுக்குத் தெரியும். அங்கே வீக்கம் என்றாலும் குடிமுழுகாது. இதயத் தமனியின் உட்சுவரில் என்ன தெரியும்? கெட்ட கொழுப்பு சுவருக்குள் புகுகிறது, வெள்ளணுக்கள் அதைத் தேடி வந்து குவிகின்றன, கனன்றுகொண்டே இருக்கிறது. தொட்டால் சுடாது, பார்த்தால் புடைக்காது.

இரத்தப் பரிசோதனை அளப்பதும் வீக்கத்தை அல்ல. 1930-ல் நியூயார்க்கின் ராக்பெல்லர் நிறுவனத்தில் டில்லட், பிரான்சிஸ் என்ற இருவர், நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் ஒரு புரதத்தைக் கண்டார்கள். அதுதான் சி-ரியாக்டிவ் புரோட்டீன், லேப் தாளில் வரும் சி.ஆர்.பி. உடலில் எங்கோ அழற்சி நடக்கிறது என்று இன்டர்லூக்கின்-6 என்ற தூதுப் புரதம் சேதி சொன்னதும் கல்லீரல் அதைச் சுரக்கிறது. நுண்ணிய அளவீட்டில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் இதய ஆபத்து குறைவு. 3-க்கு மேல் என்றால் அதிகம். சளி, காய்ச்சலிலும் இது ஏறும் என்பதால் ஒரே ஒரு தாளை வைத்துப் பயப்படவும் கூடாது. இதில் வீங்கியது எது?

வீக்கம் என்ற சொல்லுக்கு ஏற்கெனவே நிறைய வேலை இருக்கிறது. இதயம் பலவீனமாகி நீர் தேங்கிக் கால் வீங்குகிறதே, அது வீக்கம். பெரியம்மா தேடியது அதைத்தான். அவர்மேல் தப்பே இல்லை. தமனி பலூன்போல் புடைப்பதையும் 'இரத்தக்குழாய் வீக்கம்' என்று எழுதுகிறார்கள். தமனி அழற்சியையும் அப்படியே எழுதினால் படிப்பவர் எதை எடுத்துக்கொள்வார்? இன்ஃபிளேஷன் என்பது ஊதுதலைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்தது, அதைப் பணவீக்கம் என்றது மிகச் சரி. ஊதுவதற்கு உரிய சொல்லை எரிவதற்குக் கொடுத்திருக்கிறோம்.

'அழற்சி மக்களுக்குப் புரியாது, அலர்ஜி என்று நினைத்துக்கொள்வார்கள்' என்பதுதான், அழற்சி என்றே எழுதச் சொன்னால் எனக்குக் கிடைக்கும் பதில். அலர்ஜிக்கு ஒவ்வாமை வந்து நிலைத்துவிட்டது. குடல்வால் அழற்சி, மூட்டழற்சி, கல்லீரல் அழற்சி எல்லாம் நாளிதழிலேயே வருகின்றன. தலைப்பில் மூட்டழற்சி என்று போட்டுவிட்டு இரண்டாம் பத்தியில் 'மூட்டுகளில் உண்டாகும் இந்த வீக்கம்' என்று எழுதுபவர்தான் குழப்புகிறார். சித்த மருத்துவத்தில் வளி, அழல், ஐயம் என்னும்போது அழல் பித்தத்தைக் குறிக்கும், அதோடு கலக்குமே என்றார் ஒரு நண்பர். நியாயமான கேள்வி. ஆனால் அது அழல், இது அழற்சி. அந்த விகுதி போதும். கணினி துப்பிய மொழிபெயர்ப்பை ஒருமுறைகூட வாய்விட்டுப் படிக்காமல் அச்சுக்கு அனுப்புவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நோயாளி அதை நம்பி மாத்திரை எடுக்கிறார், நிறுத்துகிறார்.

அதே துண்டறிக்கை கீழே இஸ்கீமியாவை, அதாவது தசைக்குப் போதிய இரத்தம் சேராமல் போவதை, 'இதய அடைப்பு' என்றது. கிரேக்க மொழியில் அந்தச் சொல்லுக்கு இரத்தத்தைத் தடுத்து வைப்பது என்று பொருள். அடைப்பு ஒரு காரணம், விளைவு அல்ல. பெரிய தமனிகளில் அடைப்பே இல்லாமல், ஆஞ்சியோவில் எல்லாம் சுத்தம் என்று வந்தபிறகும், நுண்குழாய்கள் விரிய மறுத்து இதயத் தசைக்கு இரத்தம் போதாமல் போவதுண்டு. நலமான இதயத்தில் தேவைப்படும்போது ஓட்டம் மூன்று நான்கு மடங்கு கூடும், இவர்களுக்கு அப்படிக் கூடுவதில்லை. சர்க்கரை நோயாளிகளிடம் இது அதிகம், நாட்பட்ட அழற்சிக்கும் இதில் பங்குண்டு. வீக்கமும் இல்லை, அடைப்பும் இல்லை, நோய் மட்டும் இருக்கிறது! 'குருதிக்குறை' என்றால் சோகை என்று படும். குருதியூட்டக்குறை என்பேன், இரத்தவூட்டக்குறை என்றாலும் சம்மதம். ஊட்டம் என்ற சொல் விடுபடக் கூடாது, அவ்வளவுதான்.

2023-ல் அமெரிக்காவில் 0.5 மில்லிகிராம் கால்ச்சிசினை இதய நோயாளிகளுக்கு அனுமதித்தார்கள். அழற்சியைத் தணிக்கும் மருந்து. நம் செங்காந்தளிலும் இருக்கும் பொருள்தான் அது. கிழங்கு கொடிய நஞ்சு, யாரும் தொட வேண்டாம். இதை 'வீக்க மருந்து' என்று எழுதினால் நீர் இறங்கக் கொடுக்கும் மாத்திரை என்றல்லவா நினைப்பார்கள்?

அந்தத் தாளில் வீக்கத்தை அடித்து, மேலே பேனாவால் அழற்சி என்று எழுதிப் பெரியம்மாவிடம் கொடுத்தேன். எழுத்துக்கூட்டிப் படித்தார். "அழல்னா நெருப்புல்ல? அப்ப வெளியில தெரியாம உள்ள காந்திக்கிட்டு இருக்குமோ?" என்றார். மறுவாரம் டாக்டரிடம் போகத் தேதி வாங்கச் சொன்னார்.