குட்டி விமானத்துல எறங்கும்போது கொழந்தைக்கு ஏன் காது வலிக்குது

கிருஷ்ணகிரில இருந்து ஓசூர் போற பஸ்ல மேலுமலை ஏறும்போது காது அடைச்சு டப்புனு விடும்ல, நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு இது பழகிப்போன விஷயம். ஓசூர் வரைக்கும் ஏறுறது சுமார் 400 மீட்டர்தான், காத்தழுத்தம் 4 பர்சென்ட்டுக்கு கொஞ்சம் மேல கொறையுது, அதுக்கே காது சொல்லிடுது. இப்போ ஓசூர் பக்கம் பேளகொண்டப்பள்ளில இருக்குற ஓடுதளத்துல இருந்து ஒரு நாலு சீட்டு செஸ்னா 172ல பாப்பாவ கூட்டிட்டு கெளம்பி, 7,000 அடி வரைக்கும் போய்ட்டு எறங்குறீங்கன்னு வெச்சுக்குங்க.

பெரிய விமானம் 35,000 அடில பறந்தாலும் உள்ள இருக்குற அழுத்தம் 8,000 அடி ஒயரத்துல இருக்குற அளவுக்கு கீழ கொறையாது, எறங்கும்போதும் அத மெஷினே மெதுவா ஏத்தும். செஸ்னால அந்த வசதி கெடையாது, வெளிய என்ன அழுத்தமோ அதேதான் உள்ளயும்.

செவிப்பறைக்கு பின்னாடி காத்து நெறஞ்ச ஒரு சின்ன அறை இருக்கு, அங்கிருந்து மூக்குக்கு பின்பக்கம் வரைக்கும் யூஸ்டேஷியன் குழாய் போகுது. அது எப்பவும் மூடித்தான் இருக்கும், எச்சில் முழுங்கும்போது, கொட்டாவி விடும்போது ஒரு குட்டி தசை இழுத்து கண நேரம் தொறக்கும். மேல ஏறும்போது உள்ள இருக்குற காத்து அதுவா தள்ளிட்டு வெளிய வந்துரும், பெருசா தொல்லை இல்ல. எறங்கும்போதுதான் சிக்கல், வெளி அழுத்தம் கூடக்கூட குழாயோட மெத்துனு இருக்குற வாய அதுவே அமுக்கி மூடிடும், ஊறிப்போன பேப்பர் ஸ்ட்ராவுல இளநி உறிஞ்சுனா ஒட்டிக்குமே அப்படி. பிபி பாக்குற அதே பாதரச கணக்குல வித்தியாசம் 80, 90ன்னு வந்துட்டா தசையால தொறக்கவே முடியாது. ஓசூர் தரையே சுமார் 3,000 அடி ஒயரம், 7,000ல இருந்து அங்க வர்ற வரைக்கும் ஒரு வாட்டி கூட முழுங்கலன்னா சேர்ற வித்தியாசம் கிட்டத்தட்ட 90தான்!

கொழந்தைங்களுக்கு இந்த குழாய் சின்னது, குறுகலானது, சாய்வும் கம்மி. அதுவும் தூங்குற கொழந்தை ரொம்ப கம்மியாதான் முழுங்கும், அதனால நல்லா தூங்குது பாவம்னு விட்டுடாதீங்க, எறங்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே எழுப்பிடுங்க. கைக்கொழந்தைன்னா சீட்டுல இருந்தபடியே பாட்டில்ல பால் குடுங்க, கொஞ்சம் பெரிய புள்ளைன்னா மடக்கு மடக்கா தண்ணி, மிட்டாய் மட்டும் வேணாம், விமானம் குலுங்குனா தொண்டைல மாட்டிக்கும்.

மீதி பைலட் கையில இருக்கு. வழக்கமா நிமிஷத்துக்கு 500 அடி எறக்குவாங்க, கொழந்தை இருந்தா 300 போதும்னு சொல்லுங்க, அப்போ அந்த 4,000 அடிக்கு 13 நிமிஷத்துக்கு மேல ஆகும், மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்துல அது 45 கிலோமீட்டர் தூரம், அதாவது கிருஷ்ணகிரி பக்கமா திரும்பி வர்றீங்கன்னா, அந்த ஊர தாண்டுனதுமே எறக்க ஆரம்பிச்சாதான் சரியா வரும்.

என்ஜின் சத்தம் 90 டெசிபல் பக்கம் வரும், பெரியவங்க ஹெட்செட் சின்ன தலைல நழுவிடும், கொழந்தை சைஸ்ல காது மூடி வாங்கிக்குங்க. மடில வெச்சுக்காதீங்க, தனி சீட்டுல பெல்ட் போட்டு உக்கார வைங்க. காலைலயே கெளம்புங்க, வெயில் ஏறுனா நம்ம ஊரு பாறை மலைங்க மேல சூடான காத்து கெளம்பி சின்ன விமானத்த தூக்கி தூக்கி போடும்.

சளி புடிச்சிருந்தா குழாய் ஏற்கனவே வீங்கி இருக்கும், அன்னிக்கு பயணத்த தள்ளிப்போடுங்க. தரைக்கு வந்த பின்னாடியும் கொழந்தை காத புடிச்சிட்டு அழுதுட்டே இருந்தா, காதுல தண்ணியோ ரத்தமோ வந்தா, காது டாக்டர்கிட்ட காட்டிடுங்க, எண்ணெய் கிண்ணெய் ஊத்த வேணாம்.