சிஆர்பி நார்மல், சரி. வயிறு?

நள்ளிரவில் வாட்ஸ்அப்பில் மறுபடியும் ஒரு ரிப்போர்ட் படம், உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று பார்க்கும் சிஆர்பி ரத்தப் பரிசோதனை. "டாக்டர், கிளினிக்கில் ரத்தம் எடுத்தாச்சு, சிஆர்பி 4தான், நார்மலாம். காலையில் வந்தால் போதுமா?" குழந்தைக்கு ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோய், அதாவது குடலின் கடைசிப் பகுதியில் நரம்பு செல் இல்லாமலே பிறப்பது. போன வருடம் ஆபரேஷன் ஆனது. காய்ச்சல் தொடங்கியதே அன்று சாயங்காலம்தான். வயிறு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். மத்தளம் மாதிரி உப்பியிருக்கிறதாம்! கோலாலம்பூர் செந்தூலிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அந்த நேரத்தில் அப்படியென்ன தூரம், உடனே கிளம்புங்கள் என்றேன். அந்த அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன், வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் 'நார்மல்' என்று சொல்லி அனுப்புகிறவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

சிஆர்பி கல்லீரல் சுரக்கும் ஒரு புரதம். அழற்சி தொடங்கிய அடுத்த நிமிடமே அது ஏறிவிடாது. ரத்தத்தில் தெரிய ஆரம்பிக்கவே 6 முதல் 12 மணி நேரம் ஆகலாம், உச்சத்துக்குப் போக ஒன்றரை, இரண்டு நாள். ஆறு மணிக்குக் காய்ச்சல் வந்து எட்டு மணிக்கு ரத்தம் எடுத்தால் அதில் என்ன தெரியும்? சரி, 60 என்று வந்தாலும் அழற்சி குடலிலா, காதிலா, நெஞ்சிலா என்று அந்த எண் சொல்லாது. வெள்ளை அணுக்களும் அப்படித்தான், கடுமையான தொற்றில் ஏறுவதற்குப் பதில் இறங்கிக்கூடப் போகும். வார்டில் நாங்கள் சிஆர்பியைத் திரும்பத் திரும்ப எடுப்பது சிகிச்சை வேலை செய்கிறதா என்று பார்க்க. ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து யாரையும் வீட்டுக்கு அனுப்ப அல்ல.

அப்புறம், நரம்பு செல் இல்லாத குடலை வெட்டியெடுத்தாச்சு, இனிமேல் கவலையில்லை என்ற நினைப்பு. ஆபரேஷனுக்குப் பிறகும் குடல் அழற்சி வரும், டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்கு இன்னும் அதிகமாகவே. வயிறு உப்பல், பீய்ச்சியடிக்கும் நாற்றமெடுத்த பேதி, பச்சை வாந்தி, காய்ச்சல், பிள்ளை துவண்டு கிடப்பது: இதில் இரண்டு சேர்ந்தாலே அவசரப் பிரிவுதான். பச்சை வாந்தி என்றால் அது ஒன்றே போதும்.

பேதியை நிறுத்தும் மாத்திரை கொடுக்கவே கொடுக்காதீர்கள், உள்ளே இருக்கும் விஷம் வெளியேற வழியில்லாமல் போய்விடும். ஓமத் தண்ணீர் கொடுத்து விடியும்வரை காத்திருப்பதும் வேண்டாம். குடல் கழுவச் சொல்லிக்கொடுத்திருந்தால் சலைன் மட்டும், குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது.

பள்ளி விடுமுறைக்குப் பினாங்குக்குப் பாட்டி வீட்டுக்குப் போகிறீர்களா, தயவுசெய்து டிஸ்சார்ஜ் கடிதத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இருப்பவர்களுக்கு உங்கள் பிள்ளையின் கதை தெரியாது. பதியும்போதே அதைக் காட்டி, ஹிர்ஷ்ஸ்ப்ரங் என்று முதலில் சொல்லுங்கள், காய்ச்சலை அப்புறம் சொல்லலாம்.