கப்பலின் தளம் எங்கே?

போர் மூண்டால் ஒரு நீரிணையை அதன் கரையிலுள்ள நாடு மூடிவிட முடியுமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பொதுவாக முடியாது. பன்னாட்டுப் போக்குவரத்து நடக்கும் நீரிணைகளில் போர்க்கப்பல்களுக்கும் கடப்புரிமை உண்டு என்கிறது 1982-ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை. ஆனால், தனி ஒப்பந்தத்தால் நெடுங்காலமாக ஆளப்படும் நீரிணைகளில் அது கைவைக்கவில்லை. கருங்கடலை மத்தியதரைக் கடலோடு இணைக்கும் துருக்கிய நீரிணைகள் அப்படிப்பட்டவை. அங்கே 1936 ஜூலை 20 அன்று கையெழுத்தான மோன்ட்ரோ ஒப்பந்தம்தான் சட்டம்.

அமைதிக் காலத்தில் போர்க்கப்பல்கள் முன்கூட்டியே அறிவித்துவிட்டுக் கடக்கலாம். கருங்கடல் கரையில் இல்லாத நாடுகளின் கப்பல்கள் அங்கே 21 நாட்களுக்கு மேல் தங்கக் கூடாது. எடைக்கும் உச்சவரம்பு உண்டு.

போர் வந்ததும் 19-ஆவது பிரிவு விழித்துக்கொள்கிறது. என்னை மிகவும் கவர்ந்த பகுதி இதுதான். துருக்கி போரில் இல்லாதபோது, போரிடும் நாடுகளின் போர்க்கப்பல்கள் நீரிணையைக் கடக்கக் கூடாது. ஆனால், தன் தளத்தைவிட்டுப் பிரிந்து நிற்கும் கப்பல் அங்கே திரும்பலாம். ஆகவே, எந்த நாட்டுக் கொடி பறக்கிறது என்று பார்த்தால் போதாது; கப்பலின் தளம் எங்கே என்றும் பார்க்க வேண்டும். கருங்கடல் துறைமுகமான செவஸ்தபோலைத் தளமாகக் கொண்ட ரஷ்யக் கப்பல் மத்தியதரைக் கடலில் இருந்தால் உள்ளே போகலாம். வேறு கடலில் தளம் கொண்ட, அதே நாட்டின் வடக்குக் கடற்படைக் கப்பல் போக முடியாது. போர் தொடங்கும்போது கருங்கடலில் இருந்தால் வெளியேற மட்டும் வழி உண்டு.

உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்த 2022 பிப்ரவரியின் இறுதியில் நான்கு கப்பல்களை அனுப்ப ரஷ்யா அனுமதி கேட்டது. அவற்றில் மூன்று கருங்கடல் தளங்களில் பதிவாகாதவை. அனுப்ப வேண்டாம் என்றது துருக்கி. ரஷ்யாவும் கோரிக்கையைக் கைவிட்டது. உக்ரைன் மீதான படையெடுப்பைப் போர் என்றே ரஷ்யா ஒப்புக்கொள்ளவில்லை. களத்தில் நடப்பது போர்தான் என்று துருக்கி தீர்மானித்ததே போதுமானதாக இருந்தது. அதே ஆண்டு ஏப்ரல் 14 அன்று கருங்கடல் கடற்படையின் முதன்மைக் கப்பலான மாஸ்க்வா மூழ்கியது. அதே வகையைச் சேர்ந்த வர்யாக், மார்ஷல் உஸ்தினோவ் இரண்டும் வேறு கடற்படைகளுக்குரியவை என்பதால், அதன் இடத்தை நிரப்ப அவற்றுக்கு வழியில்லை.

உக்ரைனுக்கு பிரிட்டன் வழங்கிய இரண்டு கண்ணிவெடி அகற்றும் கப்பல்களையும் 2024 ஜனவரியில் துருக்கி இதே விதிப்படி மறுத்தது. தாக்கப்பட்ட நாட்டின் பக்கம் நிற்கும் எனக்கு அது வலித்தது. ஆனாலும் அது சரியான முடிவுதான் என்று நினைக்கிறேன். ஒருமுறை நல்ல காரணத்துக்காக வளைத்துவிட்டால், அடுத்த கோரிக்கையை மறுக்க துருக்கியிடம் சட்டம் இருக்காது.