மூட்டுக்கு மாத்திரை, கண்ணுக்குப் பரிசோதனை

1948-இல் முடக்குவாத (மூட்டு அழற்சி) நோயாளி ஒருவருக்கு முதன்முதலாகக் கார்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போடப்பட்டது. நடக்கவே சிரமப்பட்டவர் சில நாட்களில் எழுந்து நடந்தார். 1960-லேயே, ஸ்டீராய்டை நெடுநாள் எடுத்த வாத நோயாளிகளுக்குக் கண்புரை வருவதை மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். இத்தனை காலத்துக்குப் பிறகும், "மூட்டுக்குத்தானே மாத்திரை, கண்ணை ஏன் பார்க்கிறீர்கள்?" என்று கண் மருத்துவரான என்னிடம் கேட்பவர்கள் குறையவில்லை.

இந்தக் கண்புரை முதுமையில் வருவதைப் போன்றதல்ல. கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் விளக்கில் பார்த்தால், லென்ஸின் பின்புற உறையை ஒட்டி, சரியாக நடுவில், மணல் தூவியதுபோல ஒரு படலம் தெரியும். வெளிச்சத்தில் கண்மணி சுருங்கும்போது பார்வை முழுவதும் அந்தப் படலத்தின் வழியாகத்தான் போகவேண்டும். அதனால்தான் "வெயிலில் மங்குகிறது, நிழலுக்கு வந்தால் பரவாயில்லை" என்கிறார்கள். படிப்பதும் சிரமமாகும். ஆனாலும் அறுவை சிகிச்சையில் பார்வையை மீட்டுவிடலாம் என்பதால் இதற்கு நான் அவ்வளவாகப் பயப்படுவதில்லை.

பயப்படவேண்டியது கண் அழுத்தத்துக்கு. கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியேறும் சல்லடை போன்ற திசுவை ஸ்டீராய்டு அடைத்துக்கொள்ளச் செய்கிறது. வழக்கமாக 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை இருக்கும் அழுத்தம், சிலருக்கு 30, 40 என்று ஏறிவிடும். பெரும்பாலும் வலி, சிவப்பு எதுவும் இருக்காது. பார்வை நரம்பு தேயத் தேய, பார்வை ஓரத்திலிருந்து குறைவதால் நோயாளிக்கும் தெரியாது. தேய்ந்த நரம்பு திரும்ப வராது. (ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறதே என்று ஆறுதல்பட வேண்டாம், அது வேறு, இது வேறு.) குடும்பத்தில் கிளாக்கோமா (பார்வை நரம்பைத் தேய்க்கும் கண் அழுத்த நோய்) உள்ளவர்கள், கிட்டப்பார்வை அதிகம் உள்ளவர்கள், சர்க்கரை நோயாளிகள், குழந்தைகள் ஆகியோருக்கு அபாயம் கூடுதல்.

மாத்திரையைவிடச் சொட்டு மருந்துதான் அழுத்தத்தை வேகமாக ஏற்றும். சில வாரங்களே போதும். அரிப்புக்கு எப்போதோ எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டுச் சொட்டு மருந்தைத் தாங்களாகவே திரும்பத் திரும்ப வாங்கிப் போடுவதைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். சிவப்புக்குக் காரணம் ஹெர்பிஸ் வைரஸாகவோ பூஞ்சையாகவோ இருந்தால், அதே சொட்டு கருவிழிப் புண்ணை ஆழமாக்கிவிடும்.

ஸ்டீராய்டு எடுக்கும்போது பார்வையின் நடுவில் சாம்பல் திட்டு தெரிந்தாலோ, நேர்க்கோடுகள் வளைந்து தெரிந்தாலோ விழித்திரைக்கு அடியில் நீர் கோத்திருக்கலாம். அன்றே வாருங்கள்.

இதைப் படித்துவிட்டு மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். பல வாரங்கள் எடுத்தபின் திடீரென நிறுத்தினால், உடல் தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டான கார்டிசோல் போதாமல் உயிருக்கே ஆபத்தாகலாம். அளவைக் குறைப்பது, மாற்று மருந்து தருவது எல்லாம் உங்கள் வாத நோய் மருத்துவர் எடுக்கவேண்டிய முடிவு. நீண்ட நாள் சிகிச்சை என்றால் தொடக்கத்திலேயே ஒருமுறை கண் அழுத்தத்தையும் பார்வை நரம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்து எப்போது என்பதைக் கண் மருத்துவர் சொல்லட்டும். வரும்போது மருந்துச் சீட்டுகளோடு இன்ஹேலர், மூக்கு ஸ்பிரே, முகத்தில் தடவும் களிம்பு எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள், அவற்றிலும் ஸ்டீராய்டு இருக்கலாம். மூட்டில் ஊசி போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள்.