பங்காளி நாடா, உதவும் நாடா?

திமோர் லெஸ்தே, அதாவது கிழக்குத் திமோர் பற்றிய ஒரு செய்தியைத் தமிழில் படித்தேன். வளர்ச்சிப் பங்காளிகள் அதன் தலைநகர் டிலியில் கூடினார்களாம். எங்கள் பக்கத்தில் பங்காளிகள் கூடினால் வரப்புத் தகராறு என்று பொருள். மறுபடி படித்த பிறகுதான் ஆங்கில 'டெவலப்மென்ட் பார்ட்னர்' இப்படி ஆகியிருக்கிறது, உதவி தரும் ஆஸ்திரேலியா, ஜப்பான், போர்ச்சுகல் முதலிய நாடுகளைச் சொல்கிறார்கள் என்று புரிந்தது. இதே சொல்லை எத்தனையாவது தடவை பார்க்கிறேனோ!

பகு, பங்கு, பங்காளி. குடும்பச் சொத்தில் உரிமையுள்ள தந்தைவழி உறவினர். வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலப் பார்ட்னரும் கூட்டு வாரிசைக் குறித்த 'பார்செனர்' என்ற பழைய பிரெஞ்சுவழிச் சொல்லிலிருந்து வந்ததுதான். வேர்க்கணக்கில் பங்காளிக்கு நூற்றுக்கு நூறு. பொருளில் முட்டை.

இந்தோனேசியாவிடமிருந்து பிரிவது பற்றிய 1999 வாக்கெடுப்பை ஒட்டி எரிக்கப்பட்ட நாடு திமோர். 2002 மே 20 வரை ஐ.நா. நிர்வாகம். உலக வங்கி வழியே பொது நிதியம் ஒன்றில் பல நாடுகள் பணம் போட்டன. கியூபா மருத்துவர்களை அனுப்பியது, திமோர்ப் பிள்ளைகளுக்கு மருத்துவமும் கற்றுக்கொடுத்தது. இவர்களில் யார் திமோரின் சொத்தில் பங்கு கேட்கும் வாரிசு? (கடலடி எரிவாயு விஷயத்தில் ஆஸ்திரேலியாவை அப்படிச் சொன்னால் மறுக்க மாட்டேன். அது வேறு கதை.)

சிலர் 'பங்குதாரர்' என்கிறார்கள். தமிழ்ப் பங்குக்குப் பாரசீக வால் ஒட்டியிருப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அது கம்பெனியில் ஷேர் வைத்திருப்பவருக்கான சொல். திட்டத்தால் பாதிக்கப்படும் ஊர்க்காரரையும் அறிக்கைகளில் அப்படியே எழுதுகிறார்கள். பணம் தருபவர், பெறுபவர், நிலம் இழந்தவர் எல்லாரும் பங்குதாரர் என்றால் யார் யாருக்கு என்ன செய்தார்கள்? 'கூட்டாளி'யோ, தமிழ்நாட்டு நாளிதழ்களில் தலைமறைவாகிப் பிடிபடுகிறவர்.

குழப்பம் ஆங்கிலத்திலேயே உண்டு. வெளிநாட்டு உதவியைப் பயனுள்ளதாக்குவது பற்றிய 2005 பாரிஸ் பிரகடனத்தில் 'பார்ட்னர் நாடு' என்றால் உதவி பெறும் நாடு. 'டெவலப்மென்ட் பார்ட்னர்' என்றாலோ உதவி தருபவர். இரண்டுக்கும் பங்காளி என்று போட்டால் கொடுத்தவரும் வாங்கியவரும் இடம் மாறிவிடுவார்கள். மொழிபெயர்ப்பாளர் அகராதியைப் பார்க்கிறார். பணம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பதில்லை.

இலங்கைத் தமிழ் ஏடுகள் இதை எப்போதோ தீர்த்துவிட்டன. இலங்கைக்கு உதவுவது பற்றிய 2003 டோக்கியோ மாநாட்டுச் செய்திகளில் புழங்கிய சொல் 'உதவி வழங்கும் நாடுகள்'. 'கொடையாளி'யைவிடவும் அது மேல். வட்டியோடு திருப்பிக் கட்டும் கடனுக்குக் கொடை என்று பெயரா? பெறுகிற நாட்டின் மானம் குறையக் கூடாது என்பவர்கள் 'துணைநிற்கும் நாடுகள்' என்று எழுதட்டும். சரி, கொஞ்சம் நீளம்தான். பங்காளியை மட்டும் வரப்போடு விட்டுவிடுங்கள்.